பாடநூல் அச்சுக்குப் போகும் நாளிலேயே: பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர்
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர்
தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழக மேலாண்மை இயக்குநர்
அரசுத் தேர்வுகள் இயக்குநர்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

பள்ளி திறந்ததும் விலையில்லாப் பாடநூல் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் வந்துவிடுகிறது. பார்வையில்லாத பிள்ளைக்கும் அதே நூல் வருகிறது. ஆனால் அதைப் படிக்க அவர் வேறொருவரின் கண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும். பிரெய்லிலோ, செல்பேசியில் கேட்டும் தேடியும் படிக்கக்கூடிய கோப்பாகவோ அந்த நூல் அவரிடம் வந்து சேர்வதற்குள் பல நேரம் காலாண்டுத் தேர்வு முடிந்துவிடுகிறது. கணக்கு, அறிவியல் என்றால் இன்னும் தாமதம். பாதி நூலோடு ஆண்டு முடிவதும் உண்டு.

இதற்குப் பணப் பற்றாக்குறை முதற்காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வேலை நடக்கும் வரிசைதான் காரணம். நூலை அச்சுக்கு ஏற்றபடி முடித்துவிட்டு, முடிந்த நூலிலிருந்து எழுத்தைத் திரும்பப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறோம். எழுதும்போதும் பக்கம் கட்டும்போதும் சில வேலைகளைச் சேர்த்துச் செய்துவிட்டால் அச்சு நூல், பிரெய்ல், பெரிய எழுத்துப் பதிப்பு, மின்னூல் எல்லாமே ஒரே மூலக் கோப்பிலிருந்து கிடைக்கும். தமிழ் நூல்களை இப்படி மாற்றும் வேலையை அறிந்தவர்கள் என்ற முறையில், அந்தச் சில வேலைகள் எவை, எந்த இடத்தில் எது தவறுகிறது என்பதை விவரமாக எழுதுகிறோம். 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த பாடநூல்களுக்கு அடுத்த திருத்தம் வரும்போது இவை பணி ஆணையிலேயே இடம்பெற வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

முதலில் எழுத்துரு. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஒரு பிடிஎஃப் கோப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது என்பதால் உள்ளே தமிழ் இருக்கிறது என்று பொருளில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பார்ப்பவருக்குத் தமிழ் என்று தெரியும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும்: ‘ஜே கே பி ஓ செமிகோலன்’. ஒரு பக்கம் முழுக்க இப்படி ஒலித்தால் எந்தப் பிள்ளை எதைப் படிப்பது?

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் முதல் தடை நீங்கியது. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாக வந்தால், பார்வையற்ற மாணவருக்கு அந்த நூல் வெற்றுத்தாள்தான். அதோடு, கோப்புக்குள் ‘தமிழ்நாடு’ என்று தேடிப் பாருங்கள். கண் முன்னால் இருக்கும் சொல்லைக் கணினி இல்லை என்று சொன்னால் அதுவும் அதே நோய்தான்.

தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதமே, ஒவ்வோர் எழுத்துக்கும் எங்கும் ஒரே எண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறி கைகொடுக்காத இடங்களில் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்றும் அந்த ஆணை இடம் கொடுத்தது. அச்சுத்துறைக்கு அது அன்று வசதியாக இருந்தது. ஆனால் டேஸ்16 எழுத்துகள் ஒருங்குறியில் அவரவர் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் உள்ளதற்கு ஒலி என்ன என்று திரைவாசிப்பானுக்குத் தெரியாது. பேசாமல் கடந்து போய்விடும் அல்லது ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும். ஆகவே பாடநூலுக்கு டேஸ்16 உதவாது. இறுதிக் கோப்பு தமிழ் ஒருங்குறியில்தான் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

பக்கம் கட்டுவோர் பழைய எழுத்துருவை விடாமல் பிடித்திருப்பதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. பக்கம் கட்டும் மென்பொருளான அடோபி இன்டிசைனில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று உடைந்து கிடக்கும். ‘ஒருங்குறி சரிப்படாது சார்’ என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது. உண்மையில் குறை எழுத்துருவில் இல்லை. எழுத்துகளை வரியில் அடுக்கும் ‘கம்போசர்’ என்ற அமைப்பு பத்திகளில் இயல்பாக இருப்பது தமிழுக்கு ஏற்றதல்ல. அதே மென்பொருளில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கிறது. பத்திப் பாணி ஒவ்வொன்றிலும் அதைத் தேர்ந்துவிட்டால் கொ, கோ, கௌ எல்லாம் ஒழுங்காக நிற்கும். ஒரு நாள் பயிற்சியில் தீரும் சிக்கல் இது. அந்த ஒரு நாளுக்கு ஆணை போட ஆளில்லாமல் ஆண்டுகள் போயிருக்கின்றன.

‘பிறகு மாற்றிக்கொள்ளலாம், எழுத்துரு மாற்றி மென்பொருள் இருக்கிறதே’ என்று சொல்பவர்களுக்கு ஒரு விளக்கம். மாற்றி இருக்கிறது, தூய தமிழ்ப் பத்தியில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பாடநூலில் தமிழும் ஆங்கிலமும் எண்ணும் குறியும் கலந்துதான் வரும். வேதியியல் பாடத்தில் சோடியத்தின் குறியீடு ஆங்கில எழுத்தில் இருக்கும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் நகலெடுக்கும்போது தொலைந்துவிட்டால், மாற்றிக்கு ஆங்கில எழுத்தும் பழைய தமிழ்தான். சோடியம் குறியீடு பொருளில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். தாவரங்களின் அறிவியல் பெயர்களும் அப்படியே சிதையும். மூலக் கோப்பு கையில் இருந்தால் எழுத்துருவாரியாகப் பிரித்து மாற்றலாம். அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும் இருந்தால் அது பெரும்பாடு.

இன்னொரு வழி, பக்கத்தைப் படமாக எடுத்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் படிக்க வைப்பது. அதில் தமிழுக்கே உரிய பிழைகள் வரும். ரகரமும் துணைக்காலும் இடம் மாறும். புள்ளி விழுந்துபோய் ‘கற்க’ என்பது ‘கறக’ ஆகும். எகரம் ஏகாரமாகும். ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரியும். ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்று வந்து உட்காரும். பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது, கேட்பவருக்குச் சொல் நடுவில் ‘ஒன்று’ என்று ஒலிக்கும். இவற்றைத் திருத்த ஒரு பக்கத்துக்குக் கால் மணி முதல் அரை மணி வரை ஆகும். 200 பக்க நூல் ஒன்றுக்கு ஒருவர் 50 முதல் 100 மணி நேரம் உட்கார வேண்டும். இந்த உழைப்பைத்தான் ஒவ்வொரு ஆண்டும் தன்னார்வலர்களும் சிறப்புப் பள்ளிகளும் தனித்தனியாக, ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். நூலைத் தட்டச்சு செய்த கோப்பு எங்கோ ஒரு கணினியில் சும்மா கிடக்கிறது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

சட்டம் இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் குழப்பமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 17இன்படி, வரையறுக்கப்பட்ட குறைபாடுள்ள (40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள) மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களும் பிற கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். பிரிவு 42 மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. பதிப்புரிமையும் தடையில்லை: 2012 திருத்தம் அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவதற்கு விலக்கு அளித்துவிட்டது, அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் மின்னணு அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே ஏற்றது. இனி மேலே புதிதாக ஒரு சட்டம் வேண்டியதில்லை.

இனி, மூலக் கோப்பில் என்ன இருக்க வேண்டும்.

பாட ஆசிரியர் தரும் கையெழுத்துப்படி ஒருங்குறியில், வேர்டு கோப்பாக வரட்டும். தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. இயல், பாடம், உட்தலைப்பு என்று தலைப்பு நிலை 1, 2, 3ஐப் பாணிப் பட்டியலிலிருந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். இல்லையென்றால் எட்டாம் இயலுக்குப் போக ஏழு இயல்களையும் கேட்டு முடிக்க வேண்டும்.

பக்கம் கட்டும்போது படிக்கும் வரிசை கெடும். ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டி, ஓரக் குறிப்பு, செயல்பாடு ஆகியவை அச்சில் அழகாகப் பக்கத்தில் மிதக்கின்றன. கோப்பில் அவை எங்கே செருகப்பட்டிருக்கின்றனவோ அங்கே படிக்கப்படும். ஒரு வாக்கியத்தின் பாதியில் பெட்டி நுழைந்து, அது முடிந்த பின் மீதிப் பாதி வரும். இன்டிசைனில் ‘ஆர்ட்டிகிள்ஸ்’ பலகத்தில் வரிசையை அமைத்து, பத்திப் பாணிகளைத் தலைப்பு நிலைகளோடு இணைத்து, திரைக்கேற்ப எழுத்து தானே ஒழுங்காகும் நீள்பாய்வு இ-பப் மின்னூல் கோப்பாக ஏற்றுமதி செய்தால் இந்தச் சிக்கல் தீரும். சின்ன நூல்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: அணுகத்தக்க நூல்களுக்காக இயங்கும் டெய்சி கூட்டமைப்பின் ‘வேர்ட்டுஇபப்’ கருவி விலையில்லாமல் கிடைக்கிறது, பாணிகள் ஒழுங்காக உள்ள வேர்டு கோப்பைச் சில நிமிடங்களில் இ-பப் ஆக்கித் தரும். அச்சு நூலின் பக்க எண்களையும் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். ‘47ஆம் பக்கம் எடுங்க’ என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்போடு சேர்ந்து அந்த மாணவரும் 47ஆம் பக்கத்துக்குப் போக வேண்டும்.

படங்களுக்கான விளக்கத்தை நூலை எழுதியவரே எழுத வேண்டும். இந்த வேலையைத் தட்டச்சு செய்பவரிடம் தள்ளினால் ‘படம் 3.2’ என்றோ ‘இதயத்தின் படம்’ என்றோ நின்றுவிடும். படத்திலிருந்து மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று ஆசிரியருக்குத்தான் தெரியும். இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் என்றால் நான்கு அறைகள், எது எதற்கு மேல், எந்த அறையிலிருந்து எந்தக் குழாய் புறப்படுகிறது, வால்வு எங்கே என்பது நான்கைந்து வரியில் வர வேண்டும். மழையளவைக் காட்டும் பட்டை வரைபடம் என்றால் வருணனை வேண்டாம். மாதமும் மில்லிமீட்டரும் கொண்ட அட்டவணையை அப்படியே கீழே தந்தால் போதும். பயிற்சிக் கணக்கில் உள்ள முக்கோணத்துக்குப் புள்ளிகளின் பெயர், தரப்பட்ட நீளம், தரப்பட்ட கோணம் மட்டும் சொல்ல வேண்டும். விடையைச் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது. அலங்காரத்துக்கு வைத்த பூக்கோலத்தை அலங்காரம் என்றே குறித்துவிட்டால் வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் கலைப் பிரிவுக்கே போவதற்குப் பல காரணம் சொல்லப்படுகிறது. கணக்கு நூல் அவர்கள் கைக்குக் கணக்காக வந்ததே இல்லை என்பதும் அவற்றில் ஒன்று. சமன்பாடுகள் படமாக ஒட்டப்பட்டால் வாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சாதாரண எழுத்தாக அடிக்கப்பட்டால் அடுக்கு கீழே இறங்கிவிடும்: எக்ஸின் இரண்டாம் அடுக்கு ‘எக்ஸ் இரண்டு’ என்று ஒலிக்கும், மாணவர் அதை இருமடங்கு எக்ஸ் என்று எடுத்துக்கொள்வார். பின்னத்தின் கோடு போனால் எது தொகுதி, எது பகுதி என்று தெரியாது. வேர்டிலேயே உள்ள சமன்பாட்டுக் கருவியில் அடித்து, சமன்பாட்டை எழுத்தாகவே பதியும் மேத்எம்எல் வடிவில் இ-பப்புக்குள் கொண்டுபோனால், என்விடிஏ திரைவாசிப்பானோடு மேத்கேட் துணைநிரலைச் சேர்த்து, தொகுதிக்குள் நுழைந்து, வெளியே வந்து, பகுதிக்குள் நுழைந்து என்று சமன்பாட்டைப் பகுதி பகுதியாகக் கேட்கலாம். என்விடிஏவும் மேத்கேட்டும் விலையில்லாதவை. பிரெய்லில் இதே சமன்பாட்டைக் கணக்குக்கான நெமத் பிரெய்ல் குறியீட்டில் தரலாம். அதைச் சொல்லித்தர ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். நூல் வந்தால்தான் பயிற்சிக்கும் பொருள் இருக்கும்.

பிரெய்லைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: செல்பேசியே பேசுகிறதே, இனிப் பிரெய்ல் எதற்கு என்று. தமிழைப் பொறுத்தவரை இது ஆபத்தான எண்ணம். ல, ள, ழ, ந, ன, ண, ர, ற. கேட்டு மட்டுமே வளரும் பிள்ளைக்கு எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்று ஒருபோதும் உறுதியாகத் தெரியாது. கணினிக் குரல் ந, ன இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லும். பிழையில்லாமல் எழுத விரலால் எழுத்தைத் தொட்டுப் படித்திருக்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் பிரெய்லுக்கு மாற்றே கிடையாது. செய்யுள் பகுதிக்கு மனிதர் வாசித்த ஒலிப்பதிவு இருந்தால் மிகவும் நல்லது, ஓசை காதில் நிற்கும். ஆனால் ஒலிப்பதிவை மட்டும் கொடுத்துவிட்டு நூல் கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுதக் கூடாது.

பிரெய்ல் இடம் பிடிக்கும் என்பதும் உண்மை. உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம் (ஆறு புள்ளி அடங்கும் இடம்), மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியே ஒரு கட்டம். ‘தமிழ்நாடு’ என்ற ஐந்தெழுத்துச் சொல் பிரெய்லில் 9 கட்டம் எடுக்கும். வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என்ற அளவில், ஒரு அச்சுப் பக்கம் மூன்று பக்கம் வரை நீளும். 200 பக்க நூல் பல தொகுதிகளாகும். அத்தனையும் முதல் நாளே அச்சிட வேண்டியதில்லை. முதல் பருவத்துக்கான தொகுதி பள்ளி திறக்கும்போது கையில் இருந்தால் போதும். மற்றவற்றைப் பிரெய்ல் கோப்பாகக் கொடுத்தால், 20 அல்லது 40 கட்டம் கொண்ட மின்னணுப் பிரெய்ல் கருவி வைத்திருப்பவர் அதில் படித்துக்கொள்வார். ஒருங்குறி மூலம் இருந்தால், லிப்லூயிஸ் என்ற விலையில்லா மென்பொருளே தமிழைப் பிரெய்லாக மாற்றிவிடும். பிறகு பிரெய்ல் அறிந்தவர் ஒருவர் அட்டவணைகளையும் வரிப்பிரிப்பையும் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

வரைபடங்களைத் தொட்டறியும் படமாக்கும்போது அச்சுப் படத்தின் கோடுகளை அப்படியே மேடாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விரல் நுனிக்குக் கண்ணளவு நுணுக்கம் கிடையாது. பிரெய்ல் எழுத்து ஒன்றே 6 மில்லிமீட்டர் உயரம் பிடிக்கும். 38 மாவட்டங்களையும் பெயரோடு ஒரே தாளில் போட்டால் எல்லாம் சேர்ந்து சொரசொரப்பாகத்தான் தெரியும். எல்லைக் கோடும் கடலும் ஒரு தாள், ஆறுகள் ஒரு தாள், மாவட்டங்களை மண்டலமாகப் பிரித்து மூன்று நான்கு தாள். பெயருக்குப் பதில் ஈரெழுத்துக் குறி, குறிகளுக்கான பட்டியல் தனித்தாளில். கடலுக்கு ஒரு சொரசொரப்பு, நிலத்துக்கு வெறுமை என்று நூல் முழுவதும் ஒரே முறை இருக்க வேண்டும்.

குறைபார்வை மாணவர்களை இரு பக்கமும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிரெய்லும் தேவையில்லை, சாதாரண அச்சும் தெரியாது. ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுப்பது மேசையில் அடங்காது, எழுத்தும் மங்கும். 18 புள்ளி அளவில், தடித்த எளிய எழுத்துருவில், எழுத்தை மீண்டும் பாயவிட்டுக் கட்டிய பதிப்பு வேண்டும். இ-பப் இருந்தால் எழுத்தின் அளவையும் பின்னணி நிறத்தையும் மாணவரே மாற்றிக்கொள்வார். படத்தின் மேல் எழுத்தை அச்சிடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நல்ல பார்வையுள்ளவர்களுக்குமே அது சிரமம்.

கியூஆர் குறியீடுகளின் பின்னால் இருக்கும் காணொளிகளில் ‘இதை இதோட கூட்டினா இப்படி வரும்’ என்று பேசுவதை மாற்றி, எழுதுவதையெல்லாம் வாயாலும் சொல்லச் செய்யுங்கள். மின்னூலில் குறியீட்டோடு சொடுக்கக்கூடிய இணைப்பும் இருக்கட்டும்.

அடுத்து, தேர்வு. நூல் இல்லாமல் படித்தவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

மாணவர் சொல்லும் விடையை வேறொருவர் எழுதும் ‘சொல்வதை எழுதுபவர்’ என்ற ஏற்பாடு பல்லாயிரம் மாணவர்களைக் கரை சேர்த்திருக்கிறது. அதை ஏற்று நடத்தும் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லித்தான் இதை எழுதுகிறோம். ஆனாலும் அவருக்கு அன்று காலையில்தான் பணி ஒதுக்கப்படுகிறது என்றால், ஒருவர் குரல் மற்றவருக்குப் பழகுவதற்குள் அரை மணி போய்விடும். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே இருவரும் சந்திக்க வாய்ப்பளிக்கச் சொன்னது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் அதில் இருந்தது. எழுதுபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் பெரும்பாலான தகராறு தீரும்: வினாவை இரண்டு முறை மாற்றாமல் படிக்க வேண்டும், நான்கு விடைகளையும் ஒரே தொனியில் படிக்க வேண்டும், சரியான விடையில் குரல் அழுத்தம் விழக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நயமாக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது, பத்தி முடிந்ததும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும், அரை மணிக்கொரு முறை நேரம் சொல்ல வேண்டும். கணக்குத் தேர்வுக்குக் கணக்குக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவரையே போட வேண்டும். மாணவரும் எழுதுபவருமாக இரு இணைகளை ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவர் விடை மற்றவர் காதில் விழும். தனி அறை கட்டாயம்.

40 விழுக்காடு என்ற வரம்பைக் காட்டி எழுதுபவரை மறுப்பதும் இனிச் செல்லாது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: எழுதுவதில் உண்மையான இடர்ப்பாடு உள்ளவருக்கு, வரையறுக்கப்பட்ட குறைபாட்டுச் சான்று இல்லை என்பதற்காக மட்டும் உதவியை மறுக்க முடியாது. இந்தச் செய்தி தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் வரை சுற்றறிக்கையாகப் போய்ச் சேர வேண்டும்.

வினாத்தாளில் படம் பார்த்து எழுதும் வினா, நிலப்படத்தில் இடம் குறிக்கும் வினா, வரைபடம் வரையும் வினா ஆகியவற்றுக்கு மாற்று வினாவை வினாத்தாள் அமைப்பவரே எழுதி, அதே தாளில் அச்சிட வேண்டும். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் வினாத்தாள்களில் இப்படித்தான் செய்கிறார்கள். மாற்று வினாவும் அதே பாடப்பொருளைச் சோதிக்க வேண்டும். நிலப்படத்துக்குப் பதிலாக ‘மேற்குக் கடற்கரையில் உள்ள இரு துறைமுகங்களைத் தெற்கிலிருந்து வடக்காகக் கூறுக’ என்று கேட்டால் இட அறிவு சோதிக்கப்படுகிறது. வினாவை நீக்கிவிட்டு மதிப்பெண்ணைச் சும்மா கொடுப்பது மாணவரை மதிப்பதாகாது.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மாணவர் தாமே தட்டச்சு செய்து தேர்வு எழுதுவது. அதே 2018 வழிகாட்டுதல் கணினி, பிரெய்ல், பெரிய எழுத்து, ஒலிப்பதிவு என்று தேர்வு எழுதும் முறையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கச் சொன்னது. கணினியை ஒரு நாள் முன்பே சரிபார்க்கவும் இடம் கொடுத்தது. தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும். பார்க்காமல் அடிப்பதற்கு மிகவும் ஏற்ற அமைப்பு. ஆறாம் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளை கொடுத்துத் தொடங்கினால் பத்தாம் வகுப்புக்குள் மூன்று மணி நேரத் தேர்வை அடிக்கும் வேகம் வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறோம். தேர்வறைக்கு இணையம் துண்டித்த ஒரு கணினி, என்விடிஏ, காதொலிப்பான், பிழைதிருத்தி முடக்கப்பட்ட வெற்றுக் கோப்பு, ஐந்து நிமிடத்துக்கொரு முறை தானே சேமிக்கும் அமைப்பு, மின்தடைக்கு யுபிஎஸ், முடிவில் அச்செடுத்து மாணவர் முன்னிலையிலேயே விடைத்தாளோடு இணைக்க ஓர் அச்சுப்பொறி. இவ்வளவுதான். முதல் ஆண்டு மொழிப்பாடத்துக்கும் சமூக அறிவியலுக்கும், விரும்புவோருக்கு மட்டும், மாவட்டத்துக்கு ஒரு மையமாகத் தொடங்கலாம். எழுதுபவர் ஏற்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை; இரண்டும் இருக்கட்டும், மாணவர் தேர்ந்துகொள்ளட்டும்.

பள்ளிக்குப் பிறகு கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், திறன் பயிற்சி என்று எதில் சேர்வதற்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். அங்கே படத்தில் உள்ள கோணல் எழுத்தைப் பார்த்து அடி என்று கேட்டால் பார்வையற்றவர் அந்த இடத்திலேயே வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்கு ஒலி மாற்று வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு 30 நொடி போதாது. விண்ணப்பப் பெட்டிகளுக்குக் கோப்பிலேயே பெயர் கொடுத்திருந்தால்தான் எந்தப் பெட்டியில் தந்தை பெயர், எதில் வருமானச் சான்று எண் என்று தெரியும். மூன்றும் நிரலாளருக்கு ஓரிரு நாள் வேலை.

பணி ஆணையில் சேர்க்க வேண்டியதையும் எழுதிவிடுகிறோம். பக்கம் கட்டும் ஒப்பந்தத்தில் இறுதித் தொகையின் ஒரு பகுதியை, ஒருங்குறி மூலக் கோப்பும் இ-பப் கோப்பும் ஒப்படைத்து, சோதனையில் தேறிய பிறகே தருவது என்று இருக்கட்டும். சோதனை எளியது. நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது; டெய்சியின் ‘ஏஸ்’ சரிபார்ப்பானில் ஓட்டுவது; பிறகு பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் கணினியில் என்விடிஏ கொண்டும் செல்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் கொண்டும் ஒவ்வொரு இயலிலும் மூன்று பக்கம் படித்துப் பார்த்து ஒப்பமிடுவது. அரசுப் பள்ளிகளிலேயே இத்தகைய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை நன்றிக் கடிதத்தோடு அனுப்பிவிடாமல், நூல் மேலாய்வாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தர வேண்டும். அவர்கள் பெயரும் நூலின் முதற்பக்கத்தில் மேலாய்வாளர் வரிசையில் வர வேண்டும்.

இப்போது புழக்கத்தில் உள்ள நூல்களுக்கு அடுத்த திருத்தம் வரை காத்திருக்க முடியாது. கழகத்திடம் உள்ள மூல வடிவமைப்புக் கோப்புகளைப் பிடிஎஃப்பாக இல்லாமல் அப்படியே வெளியில் எடுத்து, பத்தாம் வகுப்புத் தமிழ், சமூக அறிவியல் இரண்டிலிருந்து தொடங்குங்கள்; எழுத்து மிகுந்தவை என்பதால் இவை விரைவாக முடியும். ஆங்கிலம் அடுத்து, அறிவியலும் கணக்கும் பட விளக்கத்துக்கும் சமன்பாட்டுக்கும் ஆள் ஒதுக்கிய பிறகு. முடிந்த ஒவ்வொரு நூலையும் பாடநூல் பதிவிறக்கும் அதே பக்கத்தில், அச்சுப் பிடிஎஃப்புக்கு அடுத்த வரியில், பதிப்பு நாளோடு வையுங்கள். அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கான சுகம்ய புஸ்தகாலயா மின்நூலகத்திலும் ஒரு படி சேரட்டும். பிழை கண்டவர் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியும், வந்த பிழையைத் திருத்திப் புதிய பதிப்பு நாளைப் போட ஒரு பொறுப்பு அலுவலரும் வேண்டும். இந்த அலுவலர் யார் என்பதை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். சோதனைக்கும் பயிற்சிக்கும் எங்களால் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ் நூல்களை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றும் பணியில் உள்ளோர்